நீராவிப் படகுச் சந்திப்பு: காப்பீடு எடுக்க வேண்டியது யார்? (அவசரம்)

தோவாளைக்காரன்:
வணக்கம். எங்கள் மன்றத்தின் நீராவிப் படகுச் சந்திப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை. குளத்தைத் தருகிற பஞ்சாயத்தில் இப்போது திடீரென்று காப்பீட்டுத் தாள் கேட்கிறார்கள். காப்பீட்டு முகவரோ கொதிகலன் சான்றிதழ் கேட்கிறார். காப்பீட்டை மன்றம் எடுக்க வேண்டுமா, படகுக்காரர்கள் தனித்தனியாக எடுக்க வேண்டுமா? யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது? அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, சீக்கிரம் சொல்லுங்கள்.

வேளிமலை:
தம்பி, எந்தப் படகு? ஆள் ஏறுவதா, மாதிரிப் படகா? கொதிகலன் எத்தனை லிட்டர், எந்தக் குளம், மன்றம் பதிவானதா? இவை தெரியாமல் என்ன சொல்ல முடியும்?

பித்தளைக்குழாய்:
காப்பீடு இருக்கட்டும், கொதிகலனின் இணைப்புகளை எந்தப் பற்றாசால் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். ஈயப் பற்றாசு சுமார் 183 டிகிரியில் உருகும். 3 பார் அழுத்தத்தில் நீராவியே ஏறத்தாழ 144 டிகிரி. தண்ணீர் வற்றி அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் மிச்சம் எத்தனை நிமிடம்? அதிகச் சூடு தாங்கும் வெள்ளிப் பற்றாசு இல்லாத கொதிகலனைக் குளத்தில் இறக்கவே விடக்கூடாது.

கொதிகலன்67:
இங்கே பலமுறை பதில் சொன்ன கேள்வி இது. பழைய இழைகளைப் படிக்கும் பொறுமை புதியவர்களுக்கு இல்லை. கொதிகலன் சட்டம், 1923: கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைந்தால் சட்டம் பொருந்தாது, சான்றிதழும் வேண்டாம். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991 இருக்கிறது. அதன்படி மன்றம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தக்கலை வழக்குரைஞர்:
அண்ணாச்சி, இரண்டும் திருத்த வேண்டியவை. 1923 சட்டத்தின் இடத்தில் இப்போது கொதிகலன் சட்டம், 2025 இருக்கிறது. 1991 சட்டம் போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு, ஆபத்தான பொருள்களைக் கையாளுகிறவர்களுக்காக வந்தது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். இவர்களுக்கு வேண்டியது நிகழ்ச்சிக்கான சாதாரணப் பொதுப் பொறுப்புப் பாலிசி. சிறிய கொதிகலனுக்கு அரசு ஆய்வு தேவையில்லை என்றால், அது வெடித்தால் நட்டஈடும் தேவையில்லை என்று பொருளாகாது.

தோவாளைக்காரன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெரும்பாலும் மாதிரிப் படகுகள்தான், கொதிகலன் அரை லிட்டர், ஒரு லிட்டர். எரிவாயு அடுப்பு. ஓர் அண்ணன் மட்டும் நான்கு பேர் ஏறும் படகு கொண்டு வருகிறார். மன்றம் பதிவாகவில்லை. குளம் தேரூருக்குப் பக்கம். பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், பெற்றோரிடம் ஒப்புதல் தாள் வாங்குகிறோம்.

தக்கலை வழக்குரைஞர்:
இப்போதுதான் விஷயமே வருகிறது. பதிவாகாத மன்றத்துக்குச் சட்டத்தின் பார்வையில் தனி ஆள் என்ற தகுதி இல்லை. வழக்கு வந்தால் ஏற்பாடு செய்தவர்களின் பெயரில்தான் வரும். எனவே பாலிசியிலும் அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், 'மூன்றாம் நபர்', அதாவது அடிபட்டால் நட்டஈடு பெறக்கூடிய வெளியார், யார் என்று எழுதியிருக்கும் பத்தி. உறுப்பினர்கள் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தால், ஒருவருடைய கொதிகலன் இன்னொரு உறுப்பினரின் கையைச் சுட்டாலும் ஒரு ரூபாய் வராது. உறுப்பினருக்கு உறுப்பினர் செய்யும் சேதமும் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்புதல் தாளை நம்பாதீர்கள். சிறுவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் நிலைபெற்ற சட்டம். பிள்ளைக்குள்ள நட்டஈட்டு உரிமையைப் பெற்றோரின் கையெழுத்து அழித்துவிடாது.

ஆள் ஏறும் படகு வேறு கதை. உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021 இயந்திரப் படகுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு எல்லாம் கேட்கிறது. தேக்கடியில் 2009-இல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நாம் மறக்கக்கூடாது. இந்த முறை அந்தப் படகைக் கரையில் கட்டிவைத்துக் காட்டுங்கள், யாரையும் ஏற்றாதீர்கள்.

வேளிமலை:
முகவர் கேட்கும் சான்றிதழுக்கு வழி சொல்கிறேன். பிரிட்டிஷ் மன்றங்களின் வழக்கம்: புதுக் கொதிகலனில் காற்றில்லாமல் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற்றி நிறுத்திப் பார்ப்பார்கள். மறுசோதனைக்கு ஒன்றரை மடங்கு. தண்ணீர் அமுங்காது, அதனால் விரிசல் விட்டாலும் கசிந்து நின்றுவிடும். காற்றை ஏற்றிச் சோதித்தால் அதுவே குண்டு. பிறகு அடுப்பை முழுவதும் எரியவிட்டு, பாதுகாப்பு வால்வு திறந்தபின் அழுத்தமானியின் முள் வேலை அழுத்தத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தேதி, அழுத்தம், சோதித்தவர் கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

வால்வைக் கழற்றியும் பாருங்கள். போன முறை தண்ணீரை வடிக்காமல் பெட்டியில் வைத்த படகு ஒன்றை நான் பார்த்தேன். வால்வை அடைக்கும் குண்டுமணி அளவுப் பந்து பச்சைக்களிம்பேறி, அது உட்காரும் வாயோடு ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பியும் அசையவில்லை. அழுத்தமானியோ பளபளவென்று இருந்தது.

பித்தளைக்குழாய்:
ஒன்றரை மடங்கு போதாது. ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு ஏற்றுங்கள்.

கொதிகலன்67:
ஆண்டுதோறும் இரண்டு மடங்கு ஏற்றினால் நல்ல செம்பும் தளர்ந்துவிடும். உலோகவியல் தெரியாதவர்கள் அறிவுரை சொல்லக்கூடாது.

பித்தளைக்குழாய்:
முப்பது வருடமாகச் செம்பு அடிக்கிற கை இது. தெரியாது என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

மணக்குடிக் கழிமுகம்:
யாருமே கேட்கவில்லையே! சுசீந்திரம், தேரூர் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. வலசை வரும் பறவைகள் அங்கே இரை தேடுகின்றன. உங்கள் குளம் அந்த எல்லைக்குள் இருந்தால் பஞ்சாயத்து அனுமதி மட்டும் போதாது, வனத்துறையிடம் கேளுங்கள். நீராவி ஊதலின் சத்தத்துக்கு ஒரு கூட்டமே எழுந்து பறந்துவிடும்.

கொதிகலன்67:
தாமரை பறிக்கிறவர்கள் அன்றாடம் குளத்தில் இறங்குகிறார்கள். அப்போது பறக்காத பறவையா?

மணக்குடிக் கழிமுகம்:
அவர்கள் ஊதல் ஊதுவதில்லை ஐயா. அந்தப் பூவில்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டாம்.

வேளிமலை:
தம்பி, பிள்ளைகளுக்குப் படித்துறையிலிருந்து தள்ளிக் கயிறு கட்டுங்கள். எரிவாயு நிரப்புவதைக் கயிற்றுக்கு வெளியே, பிள்ளைகள் வராத பக்கம், காற்றுப்போக்கைப் பார்த்துச் செய்யுங்கள். தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தோவாளைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டோம். வனத்துறைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பெரிய படகு கரையில்தான் நிற்கும், அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். பாலிசி வரைவு வந்தது, உறுப்பினர்களை விலக்கித்தான் எழுதியிருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வேளிமலை:
நல்லது தம்பி. வால்வுகளைக் கழற்றிப் பார்த்தீர்களா?

பித்தளைக்குழாய்:
பற்றாசு என்ன என்றும் இன்னும் சொல்லவில்லை.