சல்ஃபடைடு இல்லாமலும் மையலின் உருவாகிறது என்றால், அதன் பணிதான் என்ன?

கேள்வி: உயிர்வேதி மாணவி

வணக்கம். உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி நான். நரம்புச் சவ்வின் லிப்பிடுகள் எனும் கொழுப்புப் பொருள்களைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டியிருக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையின் உலர் எடையில் 70 விழுக்காட்டுக்கும் மேல் லிப்பிடுகள் என்றும், அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கேலக்டோசெரிப்ரோசைடு என்றும், அதன் சல்பேட் ஏறிய வடிவமான சல்ஃபடைடு சுமார் 5 விழுக்காடு என்றும் படித்தேன். ஆனால் சல்ஃபடைடை உண்டாக்கும் நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளிலும் மையலின் சுற்றுகள் உருவாகத்தான் செய்கின்றன. மறுபுறம், சல்ஃபடைடைச் சிதைக்க முடியாமல் போனால் குழந்தைகளின் உயிரையே பறிக்கும் நோய் வருகிறது. இல்லாமல் சமாளிக்கக் கூடிய ஒரு பொருள் மிகுந்தால் மட்டும் ஏன் இத்தனை அழிவு? அதோடு, சவ்வில் ஏற்கெனவே இவ்வளவு பாஸ்பேட் இருக்கும்போது சல்பேட் எதற்கு?

பதில்: சோதனைக்குழாய்

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் வேதியியல்காரன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஸ்பிங்கோசின் என்ற நீண்ட சங்கிலி அமினோ ஆல்கஹாலுடன் ஒரு கொழுப்பு அமிலம் அமைடு பிணைப்பால் சேர்ந்தால் செரமைடு. அதன் மீது ஒரு கேலக்டோஸ் ஏறினால் கேலக்டோசெரிப்ரோசைடு. அந்தக் கேலக்டோசின் 3-ஆம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி சல்பேட் எஸ்டராக மாறினால் சல்ஃபடைடு. மூளையிலிருந்து இதை முதலில் பிரித்தவர் லண்டனில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவரான தூடிகம், ஆண்டு 1884. சல்பேட் எந்தக் கார்பனில் இருக்கிறது என்பது ஐயமறத் தெரிய 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சவ்வின் வழக்கமான பாஸ்பேட் லிப்பிடான பாஸ்படைடில்கோலினில் பாஸ்பேட்டின் எதிர்மின் சுமையைக் கோலினின் நேர்மின் சுமை சரிக்கட்டிவிடுவதால், மூலக்கூறுக்கு நிகரச் சுமை ஏதும் இல்லை. சல்ஃபடைடில் அப்படிச் சரிக்கட்ட ஒன்றுமில்லை. உடலின் எந்த அமிலத்தன்மையிலும், செல்லின் அமிலம் மிக்க சிதைப்பு அறையான லைசோசோமுக்குள் இருந்தாலும்கூட, அந்தச் சல்பேட் தன் எதிர்மின் சுமையை விடுவதில்லை. இடமும் முக்கியம். கேலக்டோசை ஏற்றும் வேலை எண்டோபிளாச வலைப்பின்னலின் உட்புறத்திலும், சல்பேட்டை ஏற்றும் வேலை கோல்கை உறுப்பின் உட்புறத்திலும் நடக்கின்றன. அந்த உட்புறமே பிறகு செல்சவ்வின் வெளிப்புறமாக அமைவதால், சல்ஃபடைடு சவ்வின் வெளி அடுக்கில்தான் நிற்கும். மையலின் காரப் புரதமும் சல்ஃபடைடும் ஒன்றையொன்று ஈர்த்து உறையைக் கட்டுகின்றன என்று எழுதும் பழைய குறிப்புகளை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். சோதனைக்குழாயில் அவை ஒட்டிக்கொள்வது உண்மைதான். ஆனால் உயிருள்ள மையலினில் அந்தப் புரதம் சைட்டோபிளாசப் பக்கத்தில் இருக்கிறது, சல்ஃபடைடோ மறுபக்கத்தில் இருக்கிறது.

ஆய்வகத்தில் இந்தச் சுமையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அஷூர் ஏ என்ற நீலச் சாயம் நீரில் கரையும், குளோரோஃபார்மில் கரையாது. இரண்டையும் ஒரே குழாயில் ஊற்றி, மூளை லிப்பிடுச் சாற்றைச் சேர்த்துக் குலுக்கி வைத்தால், சல்ஃபடைடு நேர்மின் சுமையுள்ள சாயத்தைப் பற்றிக்கொண்டு கீழே இழுக்க, நிறமற்றிருந்த குளோரோஃபார்ம் அடுக்கு நீலமாகிவிடும். அந்த நீலத்தின் செறிவை நிறமாலைமானியில் அளந்தே சல்ஃபடைடின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஒற்றைச் சர்க்கரையும் இரண்டு நீண்ட ஹைட்ரோகார்பன் வால்களும் கொண்ட மூலக்கூறு என்பதால், இத்தனை வலுவான சுமை இருந்தும் அது நீருக்குப் போகாமல் குளோரோஃபார்மிலேயே தங்குகிறது.

பதில்: கணுவும் இடைக்கணுவும்

வேதியியல் நண்பர் அடித்தளத்தைப் போட்டுவிட்டார். உங்கள் முதற்கேள்விக்கு வருகிறேன். 'மையலின் உருவாகிறது' என்ற சொற்றொடரை வைத்துக்கொண்டு 'சல்ஃபடைடு தேவையில்லை' என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. சல்ஃபடைடு கட்டுமானப் பொருள் அல்ல என்பதை மட்டுமே அந்த எலிகள் காட்டுகின்றன.

2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்த எலிகளில் செரிப்ரோசைடு சல்போடிரான்ஸ்பரேஸ் நொதி இல்லை; ஆகவே கேலக்டோசெரிப்ரோசைடு இருக்கும், சல்ஃபடைடு இருக்காது. பிறக்கும்போது அவை நலமாகவே இருந்தன. ஆறாவது வாரம் தொடங்கிப் பின்னங்கால்கள் தளர்ந்து, நடுக்கமும் தள்ளாட்டமும் தோன்றின. மின்நுண்ணோக்கியில் பார்த்தால் கோளாறு இருந்தது கணுவின் (மையலின் உறைக்கு இடையே ஆக்ஸான் எனும் நரம்பிழை வெளித்தெரியும் இடைவெளியின்) இரு ஓரங்களில். ரேன்வியர் கணுவை ஒட்டி மையலினின் விளிம்பு மடிப்புகள் ஆக்ஸானோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். ஆக்ஸான் பக்கத்தில் காஸ்பர், கான்டாக்டின் ஆகிய புரதங்களும், மையலின் பக்கத்தில் நியூரோஃபாசின்-155 என்ற புரதமும் அங்கே பிணைந்து, கணுவிலுள்ள சோடியம் கால்வாய்களுக்கும் அடுத்துள்ள பொட்டாசியம் கால்வாய்களுக்கும் நடுவே வரம்பு கட்டுகின்றன. சல்ஃபடைடு இல்லாத எலியில் மடிப்புகள் ஆக்ஸானை விட்டு விலகிப்போகின்றன. பொட்டாசியம் கால்வாய்கள் தம் எல்லையை மீறிக் கணுவோரம் வரை பரவுகின்றன. சோடியம் கால்வாய்கள் முதலில் சரியாகவே கணுவில் திரண்டு, வயது ஏற ஏறக் குறைந்துபோகின்றன என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் செய்தி. கணுவை அமைப்பதற்குச் சல்ஃபடைடு கட்டாயமில்லை, அமைந்த கணுவைக் காப்பதற்குக் கட்டாயம் என்று இதற்குப் பொருள்.

இன்னொரு பணியும் உண்டு. இதே எலிகளில், மூளையில் மையலினை உருவாக்கும் செல்களான ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் முதிர்ந்த நிலையில் இயல்பைவிட மிகுதியாகவும் முன்கூட்டியும் தோன்றுகின்றன. அதாவது, முதிர்ச்சியைக் காலத்துக்கு முன் நடக்கவிடாமல் பிடித்துவைப்பதிலும் சல்ஃபடைடுக்குப் பங்கு இருக்கிறது. கருத்தரங்கில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும் என்றால், நீங்கள் கணுவோரத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பதில்: குழந்தை நரம்பியல் மருத்துவர்

'மிகுந்தால்' என்று நீங்கள் எழுதியதைச் சற்றே திருத்தினால் முரண்பாடு பெருமளவு தீர்ந்துவிடும். மெட்டாகுரோமாடிக் லியூக்கோடிஸ்ட்ரோபி என்ற அந்த நோயில் சிக்கல், லைசோசோமுக்குள் போன சல்ஃபடைடு வெளியேற வழியில்லாமல் தேங்குவதில்தான் முதன்மையாக இருக்கிறது. சல்பேட்டை வெட்டி எடுப்பது அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி. சவ்விலிருந்து லிப்பிடைத் தூக்கி நொதியிடம் கொடுப்பது சபோசின் பி என்ற துணைப்புரதம். இரண்டில் எது பழுதானாலும் நோய் வரும். ஆலிகோடென்ட்ரோசைட்டுகளிலும், மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளில் மையலினை உருவாக்கும் ஷ்வான் செல்களிலும் தேக்கம் பெருகி, செல்கள் செயலிழந்து, மையலின் கரைகிறது. மிகக் கடுமையான வகையில், நடை பழகிய குழந்தை இரண்டு வயதையொட்டி நடையை இழக்கத் தொடங்குகிறது.

நோயின் பெயரே சாயத்தின் நிறமாற்றத்திலிருந்து வந்தது. உறைநிலையில் சீவிய நரம்புத் துண்டில் அமிலம் கலந்த கிரெசில் வயலெட்டை இட்டால், சல்ஃபடைடு திரண்ட இடங்கள் ஊதாவுக்குப் பதிலாகப் பழுப்பாகத் தெரியும். வழக்கமான பாரஃபின் முறையில் ஆல்கஹாலும் சைலீனும் லிப்பிடைக் கழுவிவிடுவதால் இந்த நிறமாற்றம் தெரியாமல் போய்விடும்; உங்கள் ஆய்வகத்தில் யாரேனும் செய்துபார்க்க விரும்பினால் இதை நினைவில் கொள்ளவும்.

ஓர் எச்சரிக்கை. இரத்த வெள்ளணுக்களில் அரைல்சல்ஃபடேஸ் ஏ குறைவு என்ற அறிக்கையை மட்டும் பார்த்து நோயை முடிவு செய்யக் கூடாது. இயல்பான அளவில் 5 முதல் 20 விழுக்காடு வரை மட்டுமே நொதிச் செயல்பாடு இருந்தும் நலமாக வாழ்பவர்கள் நம்மிடையே பலர். இதைப் போலிக் குறைபாடு என்பார்கள். சிறுநீரில் சல்ஃபடைடு வெளியேறுகிறதா என்று பார்ப்பதும் மரபணுச் சோதனையும் அதனால்தான் தேவைப்படுகின்றன.

மறுகேள்வி: உயிர்வேதி மாணவி

மூவருக்கும் நன்றி. இப்போது இன்னொரு ஐயம். சிதைக்க முடியவில்லை என்றால், உண்டாவதையே மருந்தால் குறைத்துவிடக் கூடாதா?

பதில்: கணுவும் இடைக்கணுவும்

சல்போடிரான்ஸ்பரேஸைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடும் முயற்சி நடக்கிறது. அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள எலிகள் நலமாக இருப்பதால், ஓரளவு குறைப்பதற்கு இடமிருக்கிறது என்று நம்பலாம். முழுவதும் அடைத்துவிடுவது வேறு கதை. வளர்ந்த எலியின் மூளையில் சல்ஃபடைடு உற்பத்தியை நிறுத்திப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில், மையலினின் அமைப்பு பெரிதும் கெடாமல் இருந்தபோதே, மூளையின் துணைச் செல்களான மைக்ரோகிளியாவும் ஆஸ்ட்ரோசைட்டுகளும் கிளர்ச்சியுற்று நினைவாற்றல் குன்றியது.

பதில்: குழந்தை நரம்பியல் மருத்துவர்

இப்போது கையிலிருக்கும் வழி நொதியைத் திருப்பிக் கொடுப்பதுதான். குழந்தையின் சொந்த இரத்தத் தண்டுசெல்களை எடுத்து, மரபணுவைச் சுமந்து செல்லும் லென்டிவைரஸ் வழியாகச் சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2024 மார்ச்சிலும் ஒப்புதல் அளித்தன. அந்தச் செல்களின் வழித்தோன்றல்கள் மூளைக்குள் குடியேறி நொதியைச் சுரக்கின்றன. அருகிலுள்ள செல்கள் அதை உள்வாங்கித் தம் லைசோசோமுக்கு அனுப்புகின்றன. அறிகுறி தோன்றுவதற்கு முன்போ, மிகத் தொடக்க நிலையிலோ கொடுத்தால்தான் பயன். அதனால் இச்சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் பலர், ஏற்கெனவே நோய் கண்ட ஒரு பிள்ளையின் தம்பி தங்கைகளாக இருக்கிறார்கள்.