எட்டரையா பதினைஞ்சா? ட்வீட் ஆத்துப் பெட்டை நண்டு

தூத்துக்குடி துரை: நேத்து ஆஸ்திரேலியாவுல, ட்வீட் ஹெட்ஸ் ஊர் ஆத்துல நண்டு பிடிக்கிற கூடு போட்டேன். மடவைத் தலைதான் இரை. மூணு சேத்து நண்டு, அதுல ஒண்ணு பெட்டை, 9 சென்டிமீட்டர். ராத்திரியே குழம்பு வச்சாச்சு. "பெட்டையைத் தொட்டா குத்தம்"னு போன வாரம் இங்க ஒருத்தர் பயமுறுத்துனாரே, அவர் கண்ணுல படட்டும்னுதான் போடுதேன்.

நண்டுக்கூடு (பிரிஸ்பேன்): அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லிக் கதைக்கத் துணிவில்லையோ? குயின்ஸ்லாந்திலை சேத்து நண்டு குறைஞ்சது 15 சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் ஆண் மட்டும். பெட்டை எவ்வளவு பெரிசெண்டாலும் திருப்பி விடோணும். 9 எண்டால் அது குஞ்சு. குஞ்சைத் திண்டுபோட்டு விளம்பரம் வேறை.

தூத்துக்குடி துரை: ட்வீட் பக்கத்து மாநிலம் நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கு அண்ணாச்சி. இங்க 8.5 இருந்தா போதும். முட்டை ஒட்டியிருந்தாத்தான் விடணும். எல்லையில உங்க பக்கம் இருக்க கூலங்கட்டாவுல ரோட்டைத் தாண்டினா சட்டம் வேற.

நண்டுக்கூடு: ரோட்டைத் தாண்டினால் நண்டு சுருங்கிப் போகுமோ? 15 எங்கை, 8.5 எங்கை!

அடிலெய்ட் டீச்சர்: ரெண்டு பேரும் அளக்கிற இடமே வேற. குயின்ஸ்லாந்தில் ஓட்டோட அகலம். நியூ சவுத் வேல்ஸில் கண்ணுக்கு நடுவில் இருந்து ஓட்டோட பின் விளிம்பு வரை நீளம். நண்டுக்கு நீளத்தை விட அகலம்தானே அதிகம்?

நண்டுக்கூடு: டீச்சர், ஸ்கேலை உள்ளை வையுங்கோ. சென்டிமீட்டர் எல்லா இடமும் சென்டிமீட்டர்தான். 8.5 குஞ்சு.

தூத்துக்குடி துரை: உங்க ஊர்ல ஆளுக்கு ஏழு நண்டு, எங்களுக்கு அஞ்சுதான். கடல்ல மீன் பிடிக்க உங்களுக்கு லைசன்ஸும் வேண்டாம், நாங்க காசு கட்டிட்டுப் பிடிக்கோம். யாருல கடலைக் காலி பண்ணுதா?

நண்டுக்கூடு: "யாருல"வோ? மரியாதை. முட்டை இருந்தால் விடுவன் எண்டுறியள். சேத்து நண்டு முட்டை விட வெளிக்கடலுக்குப் போயிடும். ஆத்துக்குள்ளை முட்டையோடை எத்தினையைக் கண்டனியள்? பிறகென்ன பெரிய சட்டம்? அதாலைதான் நாங்கள் பெட்டையையே தொடுறேல்லை.

தூத்துக்குடி துரை: பெரிய ஆணையெல்லாம் நீங்க வழிச்சுட்டா பெட்டை யார்கூடக் குடித்தனம் பண்ணும்? வடக்க டார்வின் ஊர்லயும் பெட்டை பிடிக்கலாம், அங்க போயும் சண்டை போடுங்க.

நண்டுக்கூடு: டார்வினை விடுங்கோ. 8.5க்குப் பதில் சொல்லுங்கோ.

பரமட்டா பாண்டி: நண்டு என்னவோ போகட்டும், குழம்புல தேங்காப்பால் ஊத்துனீங்களா?

தூத்துக்குடி துரை: அரைச்ச தேங்காதான். பால் ஊத்தினா அது பாயாசம்.

நண்டுக்கூடு: பாயாசமோ! முருங்கையிலை போட்டு, கடைசிப் பால் விட்டு இறக்கின யாழ்ப்பாணத்துக் கறியை வாழ்க்கையிலை கண்டிருக்க மாட்டியள். குஞ்சு நண்டுக்கு அரைச்ச தேங்காயே கூட.

அடிலெய்ட் டீச்சர்: நீளம், அகலம்... ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்.

நண்டுக்கூடு: இன்னொண்டும் சொல்லுறன். போன வருசம் எங்கடை பக்கத்து ஜம்பின்பின் கடல்வாயிலை என்ர கூட்டை இழுத்துப் பாத்தது ஆரெண்டு எனக்குத் தெரியும். அதிலை என்ர குடும்பப் பேரும் விலாசமும் எழுதித்தான் கட்டியிருந்தனான். தமிழ்ப் பேரைக் கண்டும் கை வைச்சினம்.

தூத்துக்குடி துரை: நான் அந்தப் பக்கமே வரல! மிதவை அத்துக்கிட்டுப் போச்சுன்னு நீங்கதான அப்ப எழுதுனீங்க?

நண்டுக்கூடு: மிதவை வேறை, கூடு வேறை. இழுத்ததை இழுத்தது எண்டுதான் சொல்லுவன். பெட்டையைத் திண்டதைத் திண்டது எண்டுதான் சொல்லுவன்.

பரமட்டா பாண்டி: சண்டைக்கு நடுவுல ஒரு சந்தேகம். இந்த வாரம் ஹாக்ஸ்பெரி ஆத்துல நண்டு ஏறுதா?

தூத்துக்குடி துரை: மழை பெஞ்சிருக்குல்ல, ஏறும். இரைக்குக் கோழிக்கழுத்து கட்டுங்க.

நண்டுக்கூடு: 15க்கு மேலை கிடைச்சால் மட்டும் படம் போடுங்கோ.