தலசீமியா உள்ள தங்கையை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா? மதுரையில் கேட்டிருக்கிறார்கள்

உசிலம்பட்டி அண்ணன்:

வணக்கம். என் தங்கைக்கு 19 வயது, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தலசீமியா மேஜர் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா, அப்பா இருவர் வழியாகவும் வரும் பரம்பரை ரத்த நோய், உடம்பால் போதிய நல்ல ரத்தம் உண்டாக்க முடியாது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அரசு ஆஸ்பத்திரி என்பதால் ரத்தத்துக்கும், ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை இறக்கும் மாத்திரைக்கும் காசு வாங்குவதில்லை. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், அந்த ஒரு உதவி இல்லாவிட்டால் எங்கள் வீடு எப்போதோ கடனில் முழுகியிருக்கும்.

போன தடவை ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்குமா என்று பார்க்க ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, மூன்றாம் கட்ட ஆய்வு, அதாவது அனுமதிக்கு முன் நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம், பெரியவர்களான தலசீமியா நோயாளிகளைத் தேடுகிறோம், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். தமிழில் அச்சடித்த 22 பக்கத் தகவல் தாளையும் கையில் கொடுத்தார். அன்று முதல் வீட்டில் ஒரே பேச்சு இதுதான்.

அம்மா, "என் பிள்ளை என்ன சோதனைக்கு விடுற எலியா" என்று அழுகிறார். அதற்கு மேல் தாளில் மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை செய்வோம் என்று ஒரு வரி இருக்கிறது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது எதற்கு, வெளியில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு வேறு பயம், மாட்டோம் என்றால் அடுத்த தடவை ரத்தம் கொடுக்காமல் அலைய விட்டால் என்ன செய்வது என்கிறார். எனக்கு உறுத்துவது, மூன்று பேரில் இரண்டு பேருக்குத்தான் நிஜ மாத்திரை, ஒருவருக்கு மருந்தே இல்லாத டம்மி, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்று போட்டிருக்கிறார்கள். டம்மி வந்தால் அவள் உடம்பு என்ன ஆகும்? தங்கை மட்டும் சேர வேண்டும் என்கிறாள். மூன்று வாரம் ஐந்து வாரமாக ஆனால்கூட ஒரு செமஸ்டராவது ஒழுங்காக வகுப்புக்குப் போவேன் என்கிறாள்.

அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:

தம்பி, நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து பிறகு ஆறு வருடம் இந்த மாதிரி ஆய்வுகளில் கோஆர்டினேட்டராக வேலை பார்த்தவள், இப்போது அந்த வேலையில் இல்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் பயம், ஏனென்றால் இதுதான் நிறைய வீடுகளில் கையெழுத்துப் போட வைக்கிறது. ஆய்வில் சேர மறுத்தாலோ, சேர்ந்து பாதியில் விலகினாலோ வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி இந்த வாக்கியம் தகவல் தாளிலேயே இருந்தாக வேண்டும். தாளில் தேடுங்கள், கண்டிப்பாக இருக்கும், அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கங்களில், ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் இருக்கும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப்பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், சட்டம் தெரிந்த ஒருவரும் மருத்துவம் சாராத ஒருவரும் இருந்தாக வேண்டும். யாராவது வற்புறுத்தினால் அவர்களுக்கு நேராகச் சொல்லலாம்.

டம்மி விஷயம். உங்கள் தங்கைக்கு டம்மி வந்தாலும் ரத்தம் ஏற்றுவதையும் இரும்பு இறக்கும் மாத்திரையையும் நிறுத்தக்கூடாது, அவற்றோடு சேர்த்துத்தான் இந்த மாத்திரை. இதே ரத்தத் தேவையைக் குறைக்க லஸ்பாடர்செப்ட் என்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. அதன் மூன்றாம் கட்ட ஆய்வில் 336 பேர், அங்கேயும் இரண்டுக்கு ஒன்று என்றுதான் பிரித்தார்கள், இரண்டு பக்கமும் ரத்தம் தொடர்ந்து ஏற்றினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்தத் தேவை மூன்றில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த அளவு, நிஜ ஊசி போட்டவர்களில் 100க்கு 21 பேர்தான் அதை எட்டினார்கள். டம்மி பக்கத்தில் 100க்கு 4, 5 பேர். மருந்து வேலை செய்தது என்று எழுத இது போதும், ஆனால் உங்கள் தங்கை மனதில் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இது போதுமா என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அதே ஆய்வில் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் நிஜ ஊசி பக்கத்தில் கொஞ்சம் அதிகமாக இருந்தது. உங்களுக்குச் சொன்ன மாத்திரை வேறு மருந்து, அதன் இரண்டாம் கட்டத்தில் என்ன நடந்தது, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், என்ன பக்கவிளைவு என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்டால் சொல்லியே ஆக வேண்டும்.

கர்ப்பப் பரிசோதனை பற்றி அம்மாவிடம் யாராவது ஒரு பெண் பேசினால் நல்லது. புது மருந்து கருவுக்கு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் மாதவிலக்கு வரும் வயதில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் இதைச் செய்வார்கள், 45 வயதுக்காரருக்கும் செய்வார்கள். உங்கள் பெண்ணைச் சந்தேகப்பட்டு இல்லை. பெற்றோர் ஆய்வில் இருந்ததால் கருவில் உள்ள குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் அதற்கும் இழப்பீடு உண்டு என்று அந்த விதிகளே சொல்கின்றன, அவ்வளவு தூரம் யோசித்துத்தான் இதை வைத்திருக்கிறார்கள். ரிசல்ட்டைத் தனியாக அவளிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆய்வுக்குச் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் இருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து பதிவு இல்லாமல் எந்த மருந்து ஆய்வும் இங்கே நடக்கக்கூடாது. அந்த எண்ணைப் போட்டால் ஆய்வு எந்த ஊர்களில் நடக்கிறது, யார் பணம் போடுகிறார்கள் எல்லாம் இணையத்தில் தெரியும், ஆங்கிலத்தில்தான் இருக்கும், தங்கையே படித்துவிடுவாள்.

ஊர்க்காரன்:

சேர்க்காதீர்கள் ஐயா. அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைதான் இவர்கள் கண்ணுக்குத் தெரியும், பணக்காரன் பிள்ளையை எந்தக் கம்பெனியாவது கூப்பிடுகிறதா? 2005 முதல் 2012 வரை நடந்த ஆய்வுகளில் 80 பேர் அந்த ஆய்வினாலேயே இறந்தார்கள் என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பேப்பரில் விதி ஆயிரம் இருக்கலாம்.

வார்டு அக்கா:

ஊர்க்காரன் சொன்ன கணக்கு உண்மைதான், அந்தக் கோபமும் நியாயம்தான். அந்த வழக்குக்குப் பிறகுதான் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது. பெரிய பாதிப்பு ஏதாவது நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், வைத்தியச் செலவு ஆய்வு நடத்துபவர்களுடையது. கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும், அதை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் தேடுவதற்கு ஒரு காரணம், தலசீமியாக்காரர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்து சேரும் இடம் அதுதான், அவர்கள் ரத்தக் கணக்கு இருப்பதும் அங்கேதான். ஏழை என்பதால் எளிதில் தலையாட்டுவார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு, அதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

திருமங்கலம் ஹீமோபிலியா:

எனக்கு 31 வயது, ஹீமோபிலியா, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் காரணி குறைவு, தீவிர வகை. சில வருடத்துக்கு முன் ஒரு ஊசி மருந்து ஆய்வில் முழுசாக இருந்து முடித்தவன். எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து என்று இங்கே எழுதப்போவதில்லை.

சேர்வதற்கு முன்னால் வலது முட்டி மாதம் இரண்டு தடவை வீங்கும், காரணி ஏற்ற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஏற்றினாலும் 12 மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். ஆய்வு நடந்த மாதங்களில் இரண்டே இரண்டு தடவைதான் ரத்தக்கசிவு வந்தது. நான் முதல் தடவையாக ஒரு வருடம் லீவு போடாமல் வேலைக்குப் போனேன். அம்மா ராத்திரியில் எழுந்து என் முட்டியைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தினார்.

அப்புறம் ஆய்வு முடிந்தது. மருந்தும் நின்றது. இதை நான் முதலில் கேட்கவே இல்லை, தாளில் எங்கேயோ எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. மறுபடி பழைய முட்டி, பழைய ஓட்டம். நோய் இருப்பதை விட, ஒரு வருடம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பி வருவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே தம்பி, தங்கையை இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: மருந்து எனக்கு வேலை செய்தால், ஆய்வு முடிந்த மறுநாள் யார் கொடுப்பார்கள், எத்தனை நாள், எழுத்தில் இருக்கிறதா. வாய்வார்த்தை வேண்டாம்.

அலைச்சலும் கொஞ்சம் இல்லை. முதல் இரண்டு மாதம் அடிக்கடி வரச் சொல்வார்கள், குழாய் குழாயாக ரத்தம் எடுப்பார்கள், தினமும் டைரி எழுத வேண்டும். எனக்கு ஒரு தேதி அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விழுந்தது, கோரிப்பாளையம் பக்கம் அன்று கால் வைக்க முடியுமா? முன்னாடியே சொன்னதால் இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தார்கள், அந்த அளவு இளக்கம் உண்டு. செமஸ்டர் பரீட்சைத் தேதிகளை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பஸ் காசு தந்தார்கள், ஆனால் இரண்டு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுபடி கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டால், போவேன். வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியாவுக்கு மரபணுச் சிகிச்சை செய்து 2024 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள், ஐந்தே பேர், சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவே வரவில்லை. அந்த ஐந்து பேர் முன்வராமல் இருந்தால் எனக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

திண்டுக்கல் அம்மா:

என் மகனுக்கு 14 வயது, அவனுக்கும் தலசீமியாதான். பல வருடத்துக்கு முன் வேறொரு ஊரில், அவனுக்கு ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒருவர் வந்து தாளை நீட்டி இங்கே ஒரு கையெழுத்து, நல்ல மருந்து, நாளைக்கு இடம் இருக்காது என்றார். நானும் போட்டேன். ராத்திரி வீட்டுக்காரர் படித்துப் பார்த்து, தூக்கம் வராமல், மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ரத்தமும் வழக்கம்போல ஏற்றினார்கள். உங்கள் டாக்டர் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார், அதுவே நல்ல அடையாளம் என்று எனக்குப் படுகிறது.

ஒரு பை ரத்தத்தில் 200, 250 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போகிறது, அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, இதயத்திலும் ஈரலிலும் போய்த் தங்குகிறது. இரண்டு பை குறைந்தாலும் லாபம்தான், அதனால் தங்கச்சியின் ஆசை எனக்குப் புரிகிறது. ரத்தம் ஏற்றிய நோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பை என்ற கணக்கை வைத்துத்தான் பெரும்பாலும் ஆய்வுக்கு ஆள் எடுப்பார்கள். அவசரத்துக்கு எங்காவது தனியாரில் ஏற்றியிருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும்.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் தம்பி, உங்கள் அம்மா அப்பா சொந்தத்தில் கட்டியவர்களா? இந்த நோயின் கூறு உங்களிடமும் இருக்கிறதா என்று நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா? நாங்கள் மாமன் மகள், அத்தை மகன். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

உசிலம்பட்டி அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. போன வியாழக்கிழமை ரத்தத்துக்குப் போனோம், இப்போதுதான் எழுத முடிந்தது.

தங்கை கல்லூரி நோட்டில் 14 கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னார், கோபப்படவில்லை. கர்ப்பப் பரிசோதனை பற்றி அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் அம்மாவைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார், திரும்பி வந்தபோது அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு, மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்ற அந்த வரியை வாசித்துக் காட்டினேன், இன்னொரு தடவை வாசி என்றார்.

ஆய்வு முடிந்த பிறகு மருந்து யார் தருவார்கள் என்பதற்கு மட்டும் டாக்டரிடம் தெளிவான பதில் இல்லை, கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்கித் தருகிறேன் என்றார். அது வரட்டும், அதற்கு முன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தங்கையே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

திண்டுக்கல் அம்மா, ஆமாம், அவர்கள் சொந்தம்தான். எனக்கும் மாமா பெண்ணைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள், தை மாதம் என்று முடிவு. இத்தனை வருடம் தங்கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தும் எனக்கு இது தோன்றவே இல்லை. அன்றே நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், மாமாவுக்கும் போன் செய்து பெண்ணுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, செவ்வாய்க்கிழமை கூட்டிப்போகிறேன் என்றார்.