பழைய லேப்டாப் ஆன் ஆகும்போதே நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது, ஃபார்மேட் செய்யாமல் வழி உண்டா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 2012-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம். போன வருஷம் கடையில் 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போட்டு விண்டோஸ் 10 ஏற்றித் தந்தார்கள். அதிலிருந்து நன்றாகவே ஓடியது. நேற்றுக் காலை ஆன் செய்தால், லோகோவுக்குக் கீழே புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றியதும் நீலத்திரை வருகிறது. 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஆட்டோமேட்டிக் ரிப்பேரும் கைவிட்டுவிட்டது. ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள். அம்மாவின் தையல் கடைக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது, வேறு எங்கும் காப்பி இல்லை. பயமாக இருக்கிறது.

பதில் 1:
ரேமைக் கழற்றி, அதன் பின்களை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

கேட்டவர்:
செய்துவிட்டேன் அண்ணா. மாற்றமில்லை.

பதில் 2:
இப்போதைக்கு ஃபார்மேட் வேண்டாம் தம்பி. அந்தப் பிழை, விண்டோஸ் தன் டிஸ்கையே எட்ட முடியாதபோது வருவது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் இரண்டு விஷயம் பாருங்கள்: எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா? தேதி என்ன காட்டுகிறது? இன்னொன்று, லேப்டாப் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா?

கேட்டவர்:
எஸ்எஸ்டி தெரிகிறது. தேதி 2012 ஜனவரி 1 என்று இருக்கிறது! பேட்டரி உப்பிவிட்டதால் போன மாதமே கழற்றிவிட்டேன், சார்ஜரில்தான் ஓட்டுகிறேன். முந்தாநாள் ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை.

பதில் 2:
அப்படியென்றால் அதுதான். மதர்போர்டில் சிமாஸ் பேட்டரி என்று 3 வோல்ட் பட்டன் செல் ஒன்று இருக்கும். தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுவது அது. உங்களுடையது எப்போதோ தீர்ந்திருக்கும். பெரிய பேட்டரியோ சார்ஜரோ இருந்தவரை தெரியவில்லை. இரண்டும் இல்லாமல் கரண்ட் போனதும் அமைப்புகள் அழிந்துவிட்டன.

எஸ்எஸ்டி போட்டபோது பயாஸில் 'சாட்டா மோட்' (லேப்டாப் டிஸ்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ-யில் இருந்திருக்கும், விண்டோஸ் அதற்கேற்றபடி ஏறியிருக்கும். இப்போது அது ஐடிஇ என்ற பழைய முறைக்குத் திரும்பியிருக்கலாம். டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றும் டிரைவர் (டிஸ்கை இயக்கும் மென்பொருள்) அதற்குப் பொருந்தாது. பயாஸில் அதை ஏஎச்சிஐ ஆக்கி, தேதியைச் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். சில மாடலில் சேமிக்க வேறு கீ, திரையின் கீழேயே எழுதியிருக்கும்.

கேட்டவர்:
அண்ணா, ஐடிஇ என்றுதான் இருந்தது. மாற்றியதும் நேராக டெஸ்க்டாப் வந்துவிட்டது! கணக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாவிடம் சொன்னதும் அழுதேவிட்டார். மிகவும் நன்றி.

பதில் 2:
ரொம்ப சந்தோஷம். முதலில் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பட்டன் செல் மாற்றும்வரை சார்ஜரைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் இதே நீலத்திரை திரும்ப வரும். பல லேப்டாப்பில் அந்த செல் ஒயரும் கனெக்டரும் சேர்ந்தே வரும், பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே மாதிரி வாங்குங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.