கம்பத்துக்குக் கம்பம் கன்ட்ரோலர்: டெண்டருக்கு முன் எதைக் கேட்பது?

குடியிருப்போர்_குரல்:

எங்கள் பகுதியில் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி போடப்போகிறார்கள். கூடவே ஒவ்வொரு கம்பத்திலும் விளக்கை ஏற்றி, அணைத்து, மங்கலாக்கும் கன்ட்ரோலர் என்ற கருவியை வைத்து, எல்லா விளக்கையும் ஒரே மென்பொருளில் இணைப்பதாகத் திட்டம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குடியிருப்போர் சார்பில் நானும் போகிறேன். விற்க வந்தவர்கள் வரைபடத்தில் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி எல்லாம் காட்டி, மின்சாரம் 70 சதவீதம் மிச்சமாகும் என்கிறார்கள். எனக்கு இந்தத் தொழில் தெரியாது. திட்டத்தை எதிர்க்கும் எண்ணமும் இல்லை. இன்றைக்கு ஒரு விளக்கு அணைந்தால் யாராவது புகார் சொல்லும்வரை அந்த இடம் இருட்டுதான். இணைத்துவிட்டால் அது தீருமா? 70 சதவீதக் கணக்கு சரியா?

கம்பத்தடி:

தெருவிளக்குப் பராமரிப்பிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விவரமாகவே சொல்கிறேன்.

மிச்சக் கணக்கை இரண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 150 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து சுமார் 170 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 70 வாட் எல்இடி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேர இரவுக்கு 2,040 வாட்-மணி ஆனது 840 ஆகிவிடும். இவ்வளவும் விளக்கை மாற்றியதால் வந்தது. நள்ளிரவுக்குப் பிறகு 5 மணி நேரம் பாதி மின்திறனில் எரியவிட்டால் இன்னும் 175 குறையும். கன்ட்ரோலர் தன் பங்குக்கு 1 வாட் இழுத்தால் நாள் முழுக்க 24 போய்விடும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் வருகிறது, ஆனால் அதில் கன்ட்ரோலரின் பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்குக்கு ஈடாக எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்படியானால் இணைப்பே வேண்டாமா என்றால், வேண்டும். பழுது தானாகத் தெரிவதுதான் அதன் பெரிய பலன். அணைந்த விளக்கைவிடப் பகலில் எரியும் விளக்கு மோசம், அதைப் பற்றி யாருமே புகார் சொல்வதில்லை. கன்ட்ரோலர் இரண்டையும் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் படத்தில் காட்டாத ஒன்று இருக்கிறது. இப்போது பல இடங்களில் சுவிட்ச் பெட்டியில் உள்ள டைமர், காலையில் மொத்த லைனையும் அணைத்துவிடும். கம்பத்துக்குக் கம்பம் கன்ட்ரோலர் வைத்தால் லைனில் 24 மணி நேரமும் மின்சாரம் இருக்க வேண்டும். இதுவரை பகலில் லைன் செத்திருக்கும் என்ற பழக்கத்தில் ஏணி வைத்து ஏறிய ஆட்களுக்கு இது உயிர் விஷயம். பெட்டியில் லைனை அணைத்துப் பூட்டி, கம்பத்தில் சோதித்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். இதற்கான பயிற்சியும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் பேச முடியும் என்றால் இதைப் பேசுங்கள்.

அடுத்தது கம்ப எண். பழுதான கன்ட்ரோலரைக் கழற்றிப் புதியது மாட்டும்போது, அதன் எண்ணை அந்தக் கம்பத்தின் பெயரில் பதிய வேண்டும். அவசரத்தில் இது விட்டுப்போகும். பிறகு திரையில் ஒரு கம்பம் சிவப்பு, தெருவில் வேறொரு கம்பம் இருட்டு. பதிவு முடிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று விதி வையுங்கள்.

நெட்வொர்க் போனால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளியின் விளக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் 2021 ஆகஸ்டில் பழுதாகி, சுமார் 7,000 விளக்குகள் 2023 வரை இரவும் பகலும் எரிந்தன. தெருவிளக்குக்கு நேரக் கணக்கு கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்க வேண்டும். சர்வர் இல்லாவிட்டாலும் அந்தியில் எரிந்து விடியலில் அணைய வேண்டும்.

இரவுவானம்:

வெளிச்சத்தின் நிறத்தையும் கேளுங்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம், தெருவிளக்கு 3000 கெல்வினுக்கு (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மேல் போக வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதைத் தாண்டினால் நீலம் கூடும், கண் கூசும், தூக்கமும் கெடும். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மிங் வசதி இருந்தாலும் நிறத்தைப் பிறகு மாற்ற முடியாது, விளக்கை வாங்கும்போதே முடிவாகிவிடும். ஜன்னலுக்குள் வெளிச்சம் அடிக்காமல் மறைப்பும் வேண்டும்.

நிரல்_எழுதுபவன்:

கன்ட்ரோலர் மாட்டும் சாக்கெட் பொதுத் தரத்தில் இருக்கட்டும். நீமா 7 முனை அல்லது ஸாகா புக் 18 என்ற சாக்கெட் தரங்களில் ஒன்றை டெண்டரில் எழுதினால், நாளைக்கு வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலரை அதே விளக்கில் மாட்டலாம். மைய மென்பொருளும் வெவ்வேறு நிறுவனங்களின் விளக்கு அமைப்புகளும் பேசிக்கொள்ள டால்க் என்ற பொது நெறிமுறை இருக்கிறது. இவை இல்லையென்றால் மென்பொருளுக்கான சந்தா ஏறும்போது உங்களுக்குப் பேரம் பேச வழியே இருக்காது.

கம்பத்தில் கேமரா வருமா என்பதையும் இப்போதே கேளுங்கள். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 2016-ல் ஒப்புதல் பெற்ற தெருவிளக்குத் திட்டத்தில் கேமராக்களும் இருந்தன. காவல்துறை அந்தப் பதிவுகளை எடுப்பது மக்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. எதிர்ப்பு வலுத்து 2020-ல் நிறுத்த உத்தரவானது.

குடியிருப்போர்_குரல்:

மூவருக்கும் நன்றி. கம்பத்தடி ஐயா, நள்ளிரவில் வெளிச்சத்தைக் குறைப்பதற்குத்தான் எங்கள் பெண்கள் பயப்படுகிறார்கள். வேலை முடிந்து பின்னிரவில் வருபவர்கள் இருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

கம்பத்தடி:

அவர்கள் பயம் நியாயமானது. எல்லாக் கம்பத்துக்கும் ஒரே அளவு குறைப்பதாக இருந்தால் மறுத்துவிடுங்கள். தனித்தனியாக இயக்கத்தானே கம்பத்துக்குக் கம்பம் கன்ட்ரோலர் வைக்கிறோம். சந்திப்பு, பாதசாரிகள் கடக்குமிடம், பேருந்து நிறுத்தம், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும் வழி இவற்றில் இரவு முழுக்க முழு வெளிச்சம் இருக்கட்டும். மற்ற இடங்களில் மெல்லக் குறைத்தால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு கம்பம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் இருக்கக் கூடாது, இடையில் இருட்டுத் திட்டு விழும்.

எந்தெந்தக் கம்பத்தைக் குறைக்கக் கூடாது என்று அந்தப் பெண்களையே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அதைக் கூட்டத்திலேயே கொடுத்து, ஒப்பந்தத்தோடு இணைக்கக் கேளுங்கள்.