மேசி 35: புது லைனர் கட்டைவிரல் அழுத்தத்திலேயே இறங்குகிறது, மாட்டலாமா? உதவி தேவை

காவிரிக்கரை:
வணக்கம். எங்களிடம் இருப்பது 1960களில் வந்த மேசி பெர்குசன் 35, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின். தாத்தா காலத்து வண்டி, இன்றைக்கும் சேறடிக்க இதுதான். ஆயில் குடித்து, பிரீதரில் (எஞ்சின் உள்காற்று வெளியேறும் குழாய்) புகை தள்ள ஆரம்பித்ததால் பிரித்துவிட்டோம். லைனர் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் உறை), பிஸ்டன், ரிங் மூன்றும் ஒரே பெட்டியில் வந்த செட்டாக வாங்கினேன், பெட்டி மேல் வண்டிப் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய லைனரைப் பிரஸ் வைத்துத் தள்ளித்தான் எடுத்தோம், புதியதோ கட்டைவிரலால் அழுத்தினாலே இறங்குகிறது. மெல்லிய பித்தளைத் தகடு சுற்றி இறக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். ரிங் போடாமல் பிஸ்டனை ஏற்றிப் பார்த்தால், பழையதைவிடக் கொஞ்சம் தூக்கலாக வேறு நிற்கிறது. மாட்டலாமா, திருப்பிக் கொடுக்கலாமா? நாற்று தயாராகிவிட்டது.

டீசல் பிரியன்:
முதலில் போர், அதாவது லைனரின் உள்விட்ட அளவு பாருங்கள். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டரில் பழைய P3 மாடலுக்கு 3.5 அங்குலம் (88.9 மி.மீ.), 3.152 என்ற மாடலுக்கு 3.6 அங்குலம் (91.44 மி.மீ.). இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 127 மி.மீ. தான், அதனால் கடையில் அடிக்கடி குழப்பிக் கொடுப்பார்கள். வெளிநாட்டில் 35-லேயே நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் எஞ்சின் வண்டியும் உண்டு, பெயரை மட்டும் நம்பி இணையத்தில் பாகம் வாங்கிவிடாதீர்கள்.

பட்டறைக்காரர்:
தம்பி, தகடு மட்டும் சுற்றவே வேண்டாம். இது உலர் லைனர், தண்ணீர் இதைத் தொடாது. சூடு முழுக்க பிளாக் சுவர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நடுவில் தகடும் காற்றும் இருந்தால் சூடு அங்கேயே நிற்கும், சேற்றில் லோடு ஏறும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பசை ஊற்றுவதும் அதே கதைதான்.

அதே சமயம், கையால் இறங்குகிறது என்பதற்காகவே அது தவறான பாகம் ஆகிவிடாது. இந்த எஞ்சினுக்கு இரண்டு விதமான லைனர் உண்டு. ஒன்று வார்ப்பிரும்பு: பிரஸ்ஸில் இறக்கி, அப்புறம் போரிங் (உள்ளே கடைதல்), ஹோனிங் (கல்லால் தேய்த்தல்) செய்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொன்று உள்ளே குரோம் பூசிய மெல்லிய லைனர். அது முடித்த அளவிலேயே வரும், கை அழுத்தத்தில் இறங்கும், அதில் டூல் வைக்கவே கூடாது. உங்களுடையது எது என்று தெரிந்த பிறகு பிளாக் துளையையும் லைனர் வெளிவிட்டத்தையும் அளந்து மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். ஆடினால் பிளாக் தேய்ந்திருக்கிறது, அது வேறு வேலை.

கண்டுபிடிக்க ஒரு வழி: வீட்டில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இருக்கும், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரையுங்கள். லைனரின் உள்பக்கம், ரிங் ஓடாத கீழ் விளிம்பை தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து ஒரு சொட்டு வையுங்கள். இரும்பு என்றால் செம்பு படிந்து சிவக்கும், குரோம் என்றால் நிறம் மாறாது. பார்த்தவுடன் கழுவி எண்ணெய் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். மேல் ரிங்கின் வெளிமுகத்திலும் இதையே செய்து பாருங்கள், அதுதான் முக்கியம்.

காவிரிக்கரை:
செய்து பார்த்துவிட்டேன் ஐயா. போர் 91.44 சரியாக இருக்கிறது. லைனரில் நிறம் மாறவில்லை. மேல் ரிங்கின் பக்கவாட்டில் உடனே செம்பழுப்பு ஏறியது, வெளிமுகம் மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கிறது.

பட்டறைக்காரர்:
அப்படியென்றால் உங்கள் செட்டின் கோளாறு அதுதான். குரோம் லைனரில் குரோம் ரிங் ஓடக்கூடாது. இரண்டும் கடினம், ஒன்றையொன்று பதப்படுத்திக்கொள்ளாமல் உரசி இழுத்துவிடும். லைனர் அளவு பொருந்தினால் லைனரை வைத்துக்கொண்டு, மேல் ரிங் வெறும் வார்ப்பிரும்பாக இருக்கும் செட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள். லைனர் இறக்குமுன் பிளாக்கின் மேலே லைனர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் கரி துளிகூட இல்லாமல் சுரண்டி எடுங்கள். அங்கே கரி இருந்தால் ஹெட் இறுக்கும்போது லைனர் விளிம்பு வெடித்துவிடும்.

டீசல் பிரியன்:
பிஸ்டன் தூக்கல் மூன்றிலும் ஒரே அளவா? ஒன்று மட்டும் என்றால் கனெக்டிங் ராடு வளைந்தோ மாறியோ இருக்கலாம். மூன்றும் சமமென்றால், பிஸ்டன் பின் (pin) துளையின் மையத்திலிருந்து தலை வரை பழைய பிஸ்டனையும் புதியதையும் வெர்னியரில் அளந்து பாருங்கள்.

காவிரிக்கரை:
மூன்றும் சமம் அண்ணா. புதியதுதான் உயரம், பழையதில் தலைப்பக்கம் லேத்தில் சீவிய வட்டக்கோடு தெரிகிறது.

பட்டறைக்காரர்:
பழையதை அந்தக் காலத்திலேயே இந்த பிளாக்குக்கு அளந்து சீவியிருக்கிறார்கள். சீவாமல் வரும் பிஸ்டனும் உண்டு. மேனுவலில் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று போட்டிருக்கும். டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாகப் பாருங்கள், அதிகப்படியை மட்டும் லேத்தில் எடுக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் ஹெட்டிலோ வால்விலோ இடிக்கும். எந்தப் பிஸ்டன் எந்த சிலிண்டர் என்று எண் குறித்துவிடுங்கள்.

குரோம் லைனரில் ரிங் படிய நேரம் எடுக்கும். ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டு வைக்காதீர்கள், காலி டிரெய்லரில் மிதமான லோடு கொடுத்து ஓட்டுங்கள். சேறடிப்பது அதற்கு அப்புறம்தான், நாற்று அவசரமென்றால் இந்த ஒருமுறை வாடகை வண்டி பிடித்துவிடுங்கள்.