ஸ்க்ரூஜ் கதையை இருட்டாக மேடையேற்றுவது: மலையூர்க் குழுக்களின் அனுபவம்

குன்னூர் – பிரதி, நடிப்பு

கிறிஸ்துமஸ் கதைதானே என்று கேக்கும் கேரலுமாக முடித்துவிடுகிறார்கள். ஆனால் சார்லஸ் டிக்கென்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கேரல்' பேய்க்கதை: கஞ்சன் ஸ்க்ரூஜைத் திருத்த, செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவியும் அடுத்து மூன்று ஆவிகளும் வருகின்றன. அதை இருட்டாக்க ரத்தம் வேண்டாம், வழக்கமாக வெட்டும் இரண்டு காட்சிகளைச் சேர்த்தால் போதும். ஒன்று, மூன்றாம் ஆவி காட்டும் எதிர்காலத்தில், இறந்த ஸ்க்ரூஜின் கட்டில் திரையையும் பிணத்திலிருந்து உருவிய சட்டையையும் பழைய சாமான் கடையில் விலைபேசும் இடம். அதைச் சந்தைப் பேரம் போலச் சாதாரணக் குரலில் பேச வையுங்கள். அழுத்திப் பேசினால் பயம் போய்விடும். மற்றது, இரண்டாம் ஆவியின் அங்கிக்கடியில் அறியாமை, வறுமை என்று இரு பிள்ளைகள் தெரியும் இடம். "சிறைச்சாலைகள் இல்லையா?" என்று ஸ்க்ரூஜ் முன்பு கேட்டதையே ஆவி திருப்பிக் கேட்கும், உடனே மணி பன்னிரண்டு அடிக்கும். நடுவே இசையை நுழைக்காதீர்கள்.

ஊட்டி – விளக்கு, கண்ணாடி

மார்லியின் ஆவிக்கு 45 டிகிரியில் நிறுத்திய தெளிவான அக்ரிலிக் ஷீட்டை மிஞ்ச எதுவும் இல்லை. மறைந்து நிற்கும் நடிகர்மேல் வெளிச்சம் விழுந்தால் அவர் பிம்பம் அதில் ஆவிபோல் தெரியும். லண்டனில் 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜான் பெப்பர் என்ற விஞ்ஞானி இந்த வித்தையைக் காட்டியதும் டிக்கென்ஸின் இன்னொரு பேய்க்கதையை வைத்துத்தான். ஸ்க்ரூஜ் ஷீட்டுக்குப் பின்னால் இருப்பார். மார்லி விங்கில், அதாவது மேடையோர மறைவில், நிற்பார், அவருக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட். அவர் ஷீட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் பிம்பமும் ஷீட்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில்தான் தெரியும். ஆவிக்கான நாற்காலியை அந்த இடத்தில் போட்டு, தரையில் டேப் ஒட்டுங்கள். இடது வலது மாறித் தெரியும் என்பதால் கைச்சைகைகளைத் தலைகீழாகப் பழக வேண்டும். மார்லியின் விளக்கை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மெல்ல ஏற்றி, ஸ்க்ரூஜின் பக்கம் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும் விடுங்கள்.

நம் ஊரில் கெடுப்பது ஈரம். ஹால் நிறைந்ததும் மூச்சின் ஈரம் குளிர்ந்த ஷீட்டில் படிந்து ஆவி வெறும் வெள்ளைக் கறையாகிவிடும். கூட்டம் வருமுன்பே ஷீட்டின் இருபுறமும் தள்ளி ரூம் ஹீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். நெருக்கி வைத்தால் ஷீட் வளைந்து முகம் கோணும்.

கொடைக்கானல் – புகை

ஊட்டி அண்ணன் சொன்ன ஈரம் புகையையும் பாதிக்கும். ஃபாக் மெஷின் புகை ஈரக் குளிர்காற்றில் சீக்கிரம் கரையாது. சமவெளியில் விடுவதில் பாதி போதும், அதுவும் காட்சிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

டிரை ஐஸை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடை, வெந்நீரில் போட்டு வரும் புகை அழகுதான், ஆனால் குன்னூர்க் குழு சொன்ன பிள்ளைகள் காட்சியில் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்திருப்பது அதே உயரத்தில்! மார்லி காட்சியில் மட்டும் பயன்படுத்தி, அடுத்த இடைவேளையில் எல்லாக் கதவையும் திறந்துவிடுங்கள். சமவெளியிலிருந்து டிரை ஐஸைக் கொண்டுவரும்போது பெட்டி மூடியை இறுக்கி ஒட்டினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். வண்டிக் கண்ணாடியும் இறக்கியிருக்கட்டும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். அதன் குளிர் மைனஸ் 78 டிகிரி. வெந்நீர் ஆறினால் புகை அடங்கிவிடும், அதனால் பக்கத்தில் ஒரு கெட்டில் கொதித்தபடியே இருக்க வேண்டும்.

ஸ்க்ரூஜ் அறையின் கணப்பில் நிஜக் கரி போடாதீர்கள். மூடிய ஹாலில் கரிப்புகை ஆளைக் கொல்லும். ஆரஞ்சு பல்பு போதும்.

குன்னூர் – மறுபடி

மார்லியின் ஆவி இழுத்துவரும் சங்கிலி பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். பணப்பெட்டி, பூட்டு, சாவி, கணக்குப் புத்தகம் எல்லாம் அதில் தொங்க வேண்டும். எட்டு மில்லி இரும்புச் சங்கிலி மீட்டருக்கு ஒன்றரை கிலோ வரை வரும், முழுவதும் இரும்பென்றால் நடிகரின் இடுப்பு தாங்காது. உடம்பில் காகிதக்கூழ் கண்ணிகளைச் சுற்றுங்கள். நிஜச் சங்கிலியை ஒருவர் விங்குக்குப் பின்னால் மரத்தரையில் இழுக்கட்டும், முதலில் தூரத்திலிருந்து.